கடல் கடந்த தமிழ் வகுப்பு

நைனார்பாளையம் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். நம் பாட்டனார் காலத்தில் அது தென்னாற்காடு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் திரட்ட வந்த கங்காணிகள் பெரிதும் நாடிய மாவட்டங்களுள் தென்னாற்காடும் ஒன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் சேலத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் புறப்பட்டோரைப் போலவே இம்மாவட்டத்து ஏழை மக்களும் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினர். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இவ்வாறு ஆள் அனுப்பும் முறை நீடித்தது. அம்மக்களுடைய மொழி அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் பெற்ற வரலாற்றையே ஈண்டு சொல்லப் புகுகின்றேன்.

தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் இல்லாமல் இல்லை. குறித்த தொகைக்கு மேல் பிள்ளைகள் வாழும் தோட்டத்தில் பள்ளி வைத்தல் வேண்டும் என்று சட்டமே இருந்தது. ஆனால் அது எத்தகைய பள்ளி? பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள். தொடக்கக் கல்விக்கு மேல் தமிழுக்கு அங்கே வழி இல்லை. பால் மரம் சீவும் தந்தையின் பிள்ளை, எழுத்தறிந்த பின்னும் பால் மரம் சீவவே சென்றான்.

1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதில் இந்திய இயலுக்கு ஒரு துறை வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, எம்மொழியை அடிப்படையாகக் கொள்வது என்னும் வினாவும் உடன் எழுந்தது. கருத்துரை கூற அழைக்கப்பெற்றவர், சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய பேரறிஞர் நீலகண்ட சாஸ்திரியார். அவர் வடமொழிக்கே முதலிடம் தரப் பரிந்துரைத்தார். அறிஞர் நோக்கில் அதனை அடிப்படையற்றது என்று தள்ளிவிட இயலாது. அந்நாட்டின் பழங்கல்வெட்டுகளில் வடமொழி உண்டு. மொழியைக் குறிக்கும் ‘பாஹாச’, ஆசிரியரைக் குறிக்கும் ‘குரு’ முதலிய மலாய்ச் சொற்களும் வடமொழி வழி வந்தவையே. ஆயின் அதே மலாய் மொழியில் கடை ‘கெடாய்’ ஆகவும், கப்பல் ‘காப்பால்’ ஆகவும் வழங்குகின்றன. மேலும், அந்நாட்டில் வாழ்ந்த இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். தாம் வீட்டில் பேசும் மொழி பல்கலைக்கழக வாயிலில் நிறுத்தப்படுவதை அவர்கள் பொறுத்திலர்.

எதிர்ப்பை ஒன்று திரட்டியவர் திருவாரூரில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த கோ. சாரங்கபாணி. 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கியவர் அவரே. கண்டனம் எழுதுவதோடு அவர் நின்றாரல்லர்; ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோள். வெள்ளி என்பது அந்நாட்டு நாணயமான டாலருக்கு அங்குள்ள தமிழர் இட்ட பெயர். அக்காலத் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு வெள்ளி சிறு தொகை அன்று. பல்கலைக்கழகத்தில் கால் வைத்திராத எளியோரும் அதனைக் கொடுத்தனர். அந்நிதி பல்கலைக்கழகத்துத் தமிழ் நூலகத்திற்கு உதவிற்று. 1956-இல் இந்திய இயல் துறை தமிழை மொழியாகக் கொண்டே சிங்கப்பூரில் தொடங்கிற்று. 1959-இல் கோலாலம்பூருக்கு மாறிற்று.

துறை தோன்றியது, அதனை உலகறியச் செய்தல் வேண்டுமே! 1961-இல் தலைமையேற்க வந்தார் தனிநாயக அடிகள். யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பொன்னில் 1913-இல் பிறந்து, உரோமையில் குருப்பட்டம் பெற்றவர் அவர். ஆங்கில வழியில் பயின்ற அவர், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். தாய்மொழியைக் காலந்தாழ்த்தி முயன்று கற்றவர், பிறருக்கு அதனைக் கற்பிக்கையில் எவ்விடத்தில் மாணவன் தடுக்கி விழுவான் என்று அறிந்திருப்பார் அல்லவா? இஃது என் எண்ணம்.

அயல்நாட்டில் தமிழ் கற்பிப்பவருக்கு உள்ள பெருங்குறை, அருகில் கேட்டறிய ஆளும் நூலும் இல்லாமை. மதுரையிலோ சென்னையிலோ ஐயம் எழுந்தால் அடுத்த தெருவில் ஒரு புலவர் இருப்பார். கோலாலம்பூரில்? அடிகள் இதற்கு இரு வழிகள் கண்டார். தமிழியல் பற்றிய நூல்களை எல்லாம் தேடித் தொகுத்த ஆங்கில வழிகாட்டி நூல் ஒன்றை 1966-இல் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாகக் கொணர்ந்தார். ஆட்களைப் பொறுத்தவரை, உலகத் தமிழறிஞர் அனைவரையும் ஓர் அவையில் கூட்டவே துணிந்தார். 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவரானார். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளும் செயலாளராயினர்.

அம்மன்றத்தின் முதல் மாநாடு சென்னையில் கூடவில்லை. 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் கூடிற்று. மலேசியத் தலைமை அமைச்சர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். சென்னையின் முறை 1968-இல்தான் வந்தது. அடிகள் 1969-இல் மலாயாப் பல்கலைக்கழகப் பணியினின்று நீங்கினார், 1980-இல் மறைந்தார். அத்துறை இன்றும் இந்திய ஆய்வியல் துறை என்ற பெயருடன் கோலாலம்பூரில் தமிழ் கற்பித்து வருகின்றது.