உல்ரிச் லேம்லி

உல்ரிச் லேம்லி சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த மூலக்கூற்று உயிரியலாளர் ஆவார். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். இவர் 1970 ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, அறிவியல் வரலாற்றில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்றாகும்.

ஆய்வு

லேம்லி இக்கட்டுரையைக் கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது தனியொருவராக எழுதினார். பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்னும் வைரசின் தலைப்பகுதி உருவாகும் விதத்தை இது ஆராய்கிறது. தலைப்பகுதியின் நான்கு முதன்மைப் புரதங்கள், அது கட்டமைக்கப்படும்போது வெட்டப்பட்டுச் சிறியனவாகின்றன என்பதே இதன் முடிவு.

முறை

இம்முடிவை எட்டுவதற்காக, புரதங்களைப் பிரித்தறியும் மின்பிரிகை முறையை லேம்லி செம்மைப்படுத்தினார். எசு.டி.எசு என்னும் வேதிப்பொருள் புரதங்களின் மடிப்பைக் குலைத்து எதிர்மின்னூட்டம் அளிக்கிறது. பின்னர், மேலடுக்குக் கூழ்மத்தில் புரதங்கள் மெல்லிய பட்டையாக ஒடுங்குகின்றன. கீழடுக்கில் சிறியவை விரைவாகவும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து பிரிகின்றன.

மேற்கோள் தாக்கம்

2014 ஆம் ஆண்டு நேச்சர் இதழ் வெளியிட்ட பட்டியலில், 2,13,000க்கும் மேற்பட்ட மேற்கோள்களுடன் இக்கட்டுரை இரண்டாமிடம் பெற்றது. புரத அளவைக் கணக்கிடும் முறையை விளக்கும், லோரி குழுவினரின் 1951 ஆம் ஆண்டுக் கட்டுரை முதலிடம் பெற்றது.

லேம்லி கட்டுரையின் தலைப்பில் மின்பிரிகை பற்றிய குறிப்பு இல்லை. எனினும் இது பெரும்பாலும் அம்முறைக்காகவே மேற்கோள் காட்டப்படுகிறது. 1977 ஆம் ஆண்டு பால்சனுடன் இணைந்து, குரோமோசோமில் டி.என்.ஏ வளையங்களாக அமைந்திருப்பதை லேம்லி காட்டினார். அவ்வாய்வு இப்பட்டியலின் முன்னிலையில் இல்லை. எனவே மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரையின் பயன்பாட்டைக் காட்டுமேயன்றி, கண்டுபிடிப்பின் சிறப்பை அளவிடுவதாகாது.