அலை எட்டாத ஊர்களும் செல்லிடத் தொலைபேசியின் வரலாறும்

கையடக்கத் தொலைபேசியில் அலை கிடைப்பதில்லை, பேச்சு இடைநடுவே அறுந்துவிடுகின்றது என்னும் முறைப்பாட்டுக்கு மலையையும் காட்டையும் காரணங்காட்டுவது வழக்கம். அத்தடைகள் உண்மையே. எனினும், இக்குறையின் வேர் அத்தொலைபேசியின் வரலாற்றிலும் உள்ளது.

1946 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் மோட்டார் வண்டித் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. நகர் முழுமைக்கும் வலுமிக்க அலைபரப்பி ஒன்றே இருந்தது. ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசுகையில் ஏனையோர் காத்திருக்க நேர்ந்தது. 1976 இலும் நியூயோர்க் நகரில் 500 இற்கு மேற்பட்ட சந்தாதாரருக்கு 12 அலைவரிசைகளே இருந்தன.

இந்நெருக்கடிக்கான தீர்வு 1947 இலேயே முன்மொழியப்பட்டிருந்தது. நகரை அறுகோணக் கலங்களாகப் பகுத்து, கலந்தோறும் வலுக்குறைந்த அலைபரப்பியை நிறுவினால், ஒரே அலைவரிசையைத் தொலைவிலுள்ள கலங்களில் மீண்டும் பயன்படுத்தலாம் என பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் எழுதினார். இம்முறை 1979 இல் டோக்கியோவிலும் 1983 இல் சிக்காகோவிலும் வணிகச் சேவையாயிற்று.

ஆகவே, கலமுறை நகர நெரிசலைத் தீர்க்கப் பிறந்தது என்பது மனங்கொளத்தக்கது. சனம் செறிந்த இடத்தில் கோபுரச் செலவு விரைவில் மீளும். சிதறிய குடிகளிடையே மீளாது. இலாபக் கணக்கு மட்டுமே கோபுரத்தின் இடத்தைத் தீர்மானிக்கும்வரை கிராமத்தவர் குரல் அறுந்துகொண்டேயிருக்கும்.

1840 இல் பிரித்தானியா, தூரம் எதுவாயினும் அரை அவுன்சுக் கடிதத்துக்கு ஒரு பென்னியே கட்டணமென விதித்தது. கடிதத்துக்கு அன்று ஏற்கப்பட்ட அச்சமநீதியைக் குரலுக்கும் கோருதல் நியாயமே.