ஒரு நாற்காலி, இரண்டு என்ஜினீயர்கள்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வேலையாக ஓசூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழிப் பேப்பரும் கிளிப்பில் தொங்கும் கடை. பெஞ்சில் ரிட்டயர் ஆன இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து உரத்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ நிலத் தகராறு போலிருக்கிறது என்று நினைத்து ஒதுங்கி நின்றேன்.

"பிரசன்னா மாதிரி ஆஃப் ஸ்பின் போட இன்னொருத்தன் பொறந்து வரணும்யா!"

"போய்யா! எங்க வெங்கட்ராகவன் மொத்தம் எத்தனை விக்கெட்டுன்னு தெரியுமா உனக்கு?"

முதலாமவர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். இரண்டாமவர் கிருஷ்ணகிரிக்காரர். சிப்காட்டில் ஒரே தொழிற்சாலையில், ஒரே ஷெட்டில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர்கள். சண்டை முழுக்கத் தமிழில்தான். கோபம் எல்லை மீறும்போது மட்டும் ஆனேக்கல்காரர் கன்னடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். தோற்றவர் டீக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது பந்தயம். இத்தனை வருஷத்தில் தீர்ப்பே ஆகாததால், ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துக் கொடுக்கிறார்களாம்.

"நீங்க சொல்லுங்க சார்" என்று என்னை இழுத்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று தப்பித்து வந்துவிட்டேன். வந்த பிறகு மனசு கேட்கவில்லை. கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்தச் சண்டைக்கு வயசு அதிகம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே மெட்ராஸுக்கும் மைசூருக்கும்தான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மைசூர் 48 ரன்னுக்குச் சுருண்டது. மெட்ராஸ் 130. இரண்டாவது இன்னிங்ஸில் மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் க்ளோஸ்! ஏ.ஜி.ராம்சிங் மட்டும் 11 விக்கெட். மெட்ராஸ் மாநிலம் 1969-ல் தமிழ்நாடு ஆனது. மைசூர் 1973-ல் கர்நாடகா ஆனது. பெயர்கள்தான் மாறின. போட்டி மாறவில்லை.

ஓசூருக்கு இது பக்கத்து வீட்டுச் சண்டை. பெங்களூரு 40 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டருக்கு மேல். எழுபதுகளில் சிப்காட் வந்தபிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து ஒரே கேட்டில் கார்டு பஞ்ச் செய்தார்கள். 'எங்க ஆள், உங்க ஆள்' என்ற பேச்சு இங்கே எப்போதும் விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை. 1991 டிசம்பரில் காவிரிக்காக பெங்களூரில் கலவரம். 2016 செப்டம்பரில் மறுபடியும் பஸ்களும் லாரிகளும் எரிந்தன. இரண்டு மாநில பஸ்களும் எல்லையோடு நின்றன. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில், ரத்தம் சிந்தாமல் போடக்கூடிய சண்டை ஒன்று இருந்தால் அதைப் பொத்திப் பாதுகாக்கத்தானே வேண்டும்?

*

எரபள்ளி பிரசன்னா 1940-ல் பெங்களூரில் பிறந்தவர். வெங்கட்ராகவன் 1945-ல் சென்னையில். இருவரும் ஆஃப் ஸ்பின்னர்கள். இருவரும் என்ஜினீயரிங் படித்தவர்கள். இருவரும் சென்னையில்தான் டெஸ்ட் வாழ்க்கையை ஆரம்பித்தார்கள். பிரசன்னா 1962-ல் இங்கிலாந்துக்கு எதிராக, வெங்கட் 1965-ல் நியூஸிலாந்துக்கு எதிராக.

அந்தக் காலத்து இந்திய அணியில் சுழலுக்கு மூன்று நாற்காலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பிஷன் சிங் பேடி, 266 விக்கெட். இன்னொன்றில் சந்திரசேகர், 242 விக்கெட். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதற்குத்தான் இந்த இரண்டு பேரும். நால்வரும் ஒரே டெஸ்ட்டில் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு தடவை, 1967-ல் பர்மிங்ஹாமில். அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது என்பது வேறு கதை.

இப்போது கணக்கு. பிரசன்னா 49 டெஸ்ட், 189 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் 30.38. வெங்கட் 57 டெஸ்ட், 156 விக்கெட், சராசரி 36.11. ஒரு விக்கெட் எடுக்க பிரசன்னாவுக்கு சுமார் 76 பந்து தேவைப்பட்டது, வெங்கட்டுக்கு 95. ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தது பிரசன்னா 10 முறை, வெங்கட் 3 முறை. பிரசன்னாவின் முதல் நூறு விக்கெட் வெறும் 20 டெஸ்ட்டில் வந்தது. இந்தியாவில் அதை முறியடிக்க நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

கிருஷ்ணகிரிக்காரரின் டீக்காசு போயே போச்சு என்கிறீர்களா? பொறுங்கள்.

எல்லா முதல்தர ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் வெங்கட் 341 ஆட்டத்தில் 1390 விக்கெட். பிரசன்னா 235 ஆட்டத்தில் 957. இதிலிருந்து டெஸ்ட்டுகளைக் கழித்துப் பார்த்தேன். மிச்ச ஆட்டங்களில் வெங்கட்டின் சராசரி 22.6, பிரசன்னாவுடையது 21.7. ஆட்டத்துக்கு எத்தனை விக்கெட் என்று பார்த்தால் வெங்கட் 4.3, பிரசன்னா 4.1. மயிரிழை வித்தியாசம்! ரஞ்சி, துலீப் போன்ற ஆட்டங்களில் ஏறக்குறைய ஒரே தராசில் நின்ற இரண்டு பேர், டெஸ்ட் என்று வந்ததும் மட்டும் ஏன் இவ்வளவு விலகிப் போனார்கள்?

*

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு டீக்கடைச் சண்டை உண்டு. அவர்களுடைய ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்று ஓர் ஆள். பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து ஆட்டத்தை நடத்துகிறவர். டாம் பிரேடியா, பெய்ட்டன் மேனிங்கா என்று இருபது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். பிரேடிக்கு 7 சூப்பர் பவுல் பட்டம், மேனிங்குக்கு 2. ஆனால் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது மேனிங்குக்கு 5, பிரேடிக்கு 3. நேருக்கு நேர் மோதிய 17 ஆட்டங்களில் பிரேடி அணிக்கு 11 வெற்றி. எந்த எண்ணை முன்னே வைக்கிறோமோ, அதுதான் தீர்ப்பு.

ஆனால் அவர்கள் இருவரும் வேறு வேறு அணி. அவரவர் அணியில் அவரவர்தான் ராஜா. உடம்பு சரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிச்சயம். நம்மவர்கள் நிலைமை அப்படியில்லை. ஒருவர் ஆடினால் பல சமயம் மற்றவர் பெவிலியனில் உட்கார வேண்டும். ஒருவருடைய எண்ணிக்கைக்குள் மற்றவர் ஆடாத ஆட்டங்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

பிரசன்னாவையே பாருங்கள். 1962-ல் வெஸ்ட் இண்டீஸ் டூர் போய்விட்டு வந்தவர், என்ஜினீயரிங் படிப்புக்காக ஒதுங்கினார். அடுத்த டெஸ்ட் 1967 ஜனவரியில்! கிட்டத்தட்ட ஐந்து வருஷம். 22 வயசிலிருந்து 26 வரை ஒரு பந்துவீச்சாளரின் வாழ்க்கையில் எது சேர்ந்திருக்கும் என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது. அந்த இடைவெளியில்தான் 19 வயசு வெங்கட் உள்ளே வந்து, 1965-ல் டெல்லி டெஸ்ட்டில் நியூஸிலாந்தின் 12 விக்கெட்டை அள்ளினார்.

பிரசன்னா திரும்பியதும் கேப்டன் பட்டோடி அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1967-68-ல் ஆஸ்திரேலியாவில் 4 டெஸ்ட்டில் 25 விக்கெட், அங்கிருந்து அப்படியே நியூஸிலாந்து போய் 4 டெஸ்ட்டில் 24 விக்கெட். வெளிநாட்டு மண்ணில் இந்தியா முதல் முறையாகத் தொடரை வென்றது அந்த நியூஸிலாந்தில்தான். பந்தை மேலே தூக்கிப் போடுவார். வந்துவிட்டது என்று ஆட்டக்காரர் முன்னால் வருவார். பந்து வராது. அவர் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு ஜாண் முன்னாலேயே இறங்கிவிடும். நல்ல பிட்ச்சிலும், நல்ல ஆட்டக்காரரிடமும் பலிக்கும் வித்தை இது. டெஸ்ட்டில் இருப்பதெல்லாம் நல்ல ஆட்டக்காரர்கள்தானே?

வெங்கட் வேறு ஜாதி. உயரமானவர். பந்து வேகமாக, தட்டையாக வந்து எழும்பும். கையைக் கட்டிப் போடுவார். ஓவருக்கு 2.27 ரன்தான் கொடுத்தார், பிரசன்னா 2.40. பிட்ச் கொஞ்சம் ஒத்துழைத்தால் எதிரணி காலி. போதாததற்கு கல்லியில் கழுகு மாதிரி நிற்பார். டெஸ்ட்டில் 44 கேட்ச். பிரசன்னா பிடித்தது 18.

1971-ல் வடேகர் கேப்டன் ஆனார். வெங்கட் துணை கேப்டன். இப்போது தராசு மறுபக்கம் சாய்ந்தது. வெஸ்ட் இண்டீஸில் வெங்கட் 22 விக்கெட் எடுத்தார். போர்ட் ஆஃப் ஸ்பெயின் வெற்றியில் இரண்டாவது இன்னிங்ஸில் 5. அடுத்து இங்கிலாந்து. மூன்று டெஸ்ட்டிலும் வெங்கட்தான் ஆடினார், 13 விக்கெட். ஓவலில் இந்தியா சரித்திரம் படைத்தபோது, அப்போதே நூறு விக்கெட்டைத் தாண்டியிருந்த பிரசன்னா அந்தத் தொடரில் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.

வடேகர் செய்தது தப்பா? தப்பென்று சொல்லிவிட முடியாது. சந்திரா விக்கெட்டுக்காக ரன்னைச் செலவழிப்பவர். மூன்றாவது ஆள் சிக்கனக்காரராக, கேட்ச் பிடிப்பவராக இருந்தால் அணிக்கு லாபம். இரண்டு தொடரையும் இந்தியா ஜெயித்தது. ஆனால் பெவிலியனில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு அந்த லாபக் கணக்கு என்ன ஆறுதல் தரும்?

வெங்கட்டுக்கும் சுகவாழ்வு இல்லை. 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்ட். பட்டோடிக்குக் காயம், கவாஸ்கருக்கும் காயம். வெங்கட் கேப்டன். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பதினோரு பேரில் வெங்கட் பெயரே இல்லை! 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைக்கும் அவர்தான் கேப்டன். 1979-ல் இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்கும் அவரேதான். அந்த டூர் முடிந்ததும் பதவி போயிற்று. அவருடைய 57 டெஸ்ட்டும் 1965-லிருந்து 1983 வரை 18 வருஷத்தில் துண்டு துண்டாகக் கிடைத்தவை. உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே. சும்மா இருக்கவும் தெரியாத ஆள். பிற்பாடு அம்பயராகி 73 டெஸ்ட்டில் நின்றார். ஆடியதைவிட அதிகம்!

*

சரி, தீர்ப்பு?

சென்னைக்காரனாக எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் எண்களை நமக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திவிட்டால் அது கணக்கு இல்லை, கட்சி. வாய்ப்பு இரண்டு பேருக்குமே ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பிரசன்னா ஐந்து வருஷத்தையும் ஒரு முழு இங்கிலாந்து தொடரையும் இழந்தார். அப்படி இழந்தும் எட்டு டெஸ்ட் குறைவாக ஆடி 33 விக்கெட் கூடுதலாக எடுத்திருக்கிறார். டெஸ்ட் பந்துவீச்சில் பிரசன்னாதான் பெரியவர். வருஷா வருஷம், ஊர் ஊராக, கை ஓயாமல் போட்டு 1390 விக்கெட் சேர்த்த உழைப்பில் வெங்கட்டை நெருங்க பிரசன்னாவால் முடியவில்லை. ஆனால் பந்தயம் டெஸ்ட்டைப் பற்றியது என்றால், டீக்காசு கிருஷ்ணகிரிக்காரருடையது.

போன வருஷம் மறுபடி ஓசூர் வழியாகப் போனபோது பெஞ்சில் அவர்கள் இருந்தார்கள். தீர்ப்பைச் சொன்னேன். ஆனேக்கல்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். கிருஷ்ணகிரிக்காரர் அசரவே இல்லை.

"அந்த இருபது டெஸ்ட் ரெக்கார்டை உடைச்சது யாரு சார்? 2013-ல எங்க அஸ்வின். பதினெட்டே டெஸ்ட்டு! மொத்தம் 537 விக்கெட்டு!"

"எங்க கும்ப்ளே 619!"

"அவரு ஆடுனது 132 டெஸ்ட்டுய்யா. அஸ்வின் 106தான். சராசரியைப் பாரு, சராசரியை! அஸ்வின் 24, கும்ப்ளே 29 புள்ளி சொச்சம்!"

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது ஆனேக்கல்காரரிடம் ஒன்று கேட்டேன். 2016-ல் பஸ் ஓடாத நாட்களில் இந்தச் சண்டைக்கு என்ன செய்தீர்கள்?

"அத்திப்பள்ளி வரைக்கும் ஒரு பையன் டூவீலர்ல விட்டான் சார். அப்புறம் நடந்தே வந்துட்டேன்" என்றார். "அன்னிக்கு டீக்காசு இவனோட முறை. விடுவேனா?"