டெக்சாஸின் வேளாண் நாற்காலி

1980-களின் தொடக்கத்தில் ஒருநாள், டெக்சாஸ் மாநில வேளாண் ஆணையர் ரீகன் பிரவுன், புகைப்படக்காரர்கள் சூழ்ந்து நிற்க, நெருப்பெறும்புப் புற்று ஒன்றுக்குள் கையை விட்டார். தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் சரக்கோடு வந்து, அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் இறங்கி, இருபது முப்பது ஆண்டுகளில் டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களுக்குள் புகுந்துவிட்ட எறும்பு அது. அதன் தொல்லை எப்படிப்பட்டது என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் ஆணையரின் எண்ணம். எறும்புகளும் குறை வைக்கவில்லை. கடி வாங்கிய கையோடு பிரவுன் நின்றதைப் பார்த்து மாநிலமே சிரித்தது. போதாக்குறைக்கு, கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனைப் பற்றி மேடையில் பேசும்போது அவர் வாயில் ஓர் இழிசொல் வந்து விழுந்தது. அவரை எதிர்த்துக் களமிறங்கக் காத்திருந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஓர் அரசு அதிகாரிக்கு எதற்குத் தேர்தல் களம் என்று தோன்றலாம். நம் ஊரில் வேளாண் அமைச்சர் யார் என்பதை முதல்வர் முடிவு செய்கிறார். ஆணையர், இயக்குநர் எல்லாம் அரசு நியமனம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் ஏறக்குறைய அப்படித்தான், ஆளுநர் நியமிப்பார். ஆனால் 12 மாநிலங்களில் வேளாண் ஆணையரை மக்களே நேரடியாக வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வடக்கு டக்கோட்டா, அயோவா தவிர மற்ற பத்தும் பருத்தியும் புகையிலையும் நிலக்கரியும் கிடைத்த தெற்குப் பக்கம். அங்கெல்லாம் ஆளுநர் கையில் எல்லா அதிகாரமும் சேர்ந்துவிடக் கூடாது என்ற பழைய பயம் அரசமைப்பிலேயே ஊறியிருக்கிறது. அதனால் ஆளுநர் ஒரு கட்சி, வேளாண் ஆணையர் வேறு கட்சி என்று இருக்கலாம். பிடிக்கவில்லை என்று ஆளுநர் அவரைத் தூக்கிவிடவும் முடியாது.

டெக்சாஸில் இந்தத் துறை 1907-ல் உருவானது. பயிரையும் மாட்டையும் மட்டும் பார்க்கும் துறை அல்ல அது. கடைத் தராசு சரியாக நிற்கிறதா, விதைப் பொட்டலத்தில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா, முட்டையின் தரம் என்ன, பூச்சிமருந்து தெளிப்பவருக்கு உரிமம் உண்டா, எல்லாம் இந்த அலுவலகத்தின் பொறுப்பு. பெட்ரோல் பங்க் எந்திரம் ஒரு காலன் என்று காட்டினால் ஒரு காலன்தான் ஊற்றுகிறதா என்று பார்ப்பதும் 2020 வரை இதன் வேலையாக இருந்தது. சோதனை முடிந்த பங்க் எந்திரத்தில் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது. அதில் ஆணையரின் பெயர் இருந்தது. வண்டிக்கு எண்ணெய் போட வரும் ஒவ்வொருவரும், நகரத்துக்காரரோ நாட்டுப்புறத்துக்காரரோ, அந்தப் பெயரைப் படித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. அரசு செலவில் மாநிலம் முழுக்கச் சுவரொட்டி! 2019-ல் ஃபுளோரிடாவின் வேளாண் ஆணையர் நிக்கி ஃபிரீட் பெயரோடு தன் படத்தையும் சேர்த்து அச்சடித்தபோது, குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தத் துண்டுத்தாளின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் பல்லாண்டு காலம் இந்த நாற்காலி அமைதியாகவே இருந்தது. உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார், அவ்வளவுதான். 1950-ல் இருபதுகளின் நடுவில் இருந்த ஜான் சி. வைட் வென்று வந்தார். 1977 வரை அசையவில்லை. குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அவரை மத்திய வேளாண் துறையின் துணைச் செயலராக வாஷிங்டனுக்கு அழைத்துக்கொண்ட பிறகுதான் இடம் காலியானது. அந்தக் காலி இடத்துக்கு ஆளுநர் டால்ஃப் பிரிஸ்கோ நியமித்தவர்தான் ரீகன் பிரவுன். எல்லாரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். டெக்சாஸில் அப்போது இந்தப் பதவியை வேறு கட்சி வெல்லும் என்று யாரும் கனவு காணவில்லை. கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலில் ஜெயித்தால் பதவி கிடைத்த மாதிரிதான்.

அந்த உட்கட்சித் தேர்தலில்தான் 1982-ல் பிரவுனை வீழ்த்தினார் ஜிம் ஹைட்டவர். 1943-ல் டெக்சாஸின் வடக்கு எல்லையோர ஊரான டெனிசனில் பிறந்தவர். பெரிய தொப்பி, மீசை, திண்ணைப் பேச்சுக்கேற்ற நாக்கு. விவசாயம் செய்து வளர்ந்தவர் அல்ல. விவசாய அரசியலைத் தோண்டித் துருவியவர். செனட்டர் ரால்ஃப் யார்பரோவிடம் உதவியாளராக இருந்துவிட்டு, 1970-களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் பெருநிறுவன வேளாண்மையைக் கண்காணிக்கும் சிறு ஆய்வுக் குழு ஒன்றை நடத்தினார். அங்கிருந்து வெளிவந்த அவருடைய புத்தகம் தக்காளியை வைத்து ஒரு பெரிய கேள்வி கேட்டது.

அந்தத் தக்காளிக் கதையைச் சற்று நின்று பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் தக்காளி பறித்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1964-ல் அந்த ஒப்பந்தத் திட்டம் முடிந்தது. அதற்கு முன்பே டேவிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொறியாளரும் ஒரு பயிர்ப் பெருக்க நிபுணரும் கூட்டாக வேலை தொடங்கியிருந்தார்கள். ஒருவர் தக்காளி அறுவடை எந்திரம் செய்தார். மற்றவர் அந்த எந்திரத்தின் பிடியில் நசுங்காத, ஒரே நேரத்தில் பழுக்கும், தோல் தடித்த தக்காளியை உருவாக்கினார். எந்திரத்தின் விலை அதிகம். வாங்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் சுமார் 4,000 பேராக இருந்த பதப்படுத்தல் தக்காளி விவசாயிகள், பத்தே ஆண்டுகளில் சுமார் 600 ஆகிவிட்டார்கள். பறிப்புக் கூலிகளில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் யாருக்காக ஆராய்ச்சி செய்கிறது என்பது ஹைட்டவரின் கேள்வி. அதற்கு இன்றுவரை நேரான பதில் வந்தபாடில்லை.

பிறகு அவர் 'டெக்சாஸ் அப்சர்வர்' இதழின் ஆசிரியரானார். 1980-ல் ரயில்வே ஆணையத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். (பெயர்தான் ரயில்வே, டெக்சாஸின் எண்ணெய்க் கிணறுகளைக் கட்டுப்படுத்துவது அந்த ஆணையம்தான்.) எண்ணெய்க்காரர்களிடம் தோற்றவர் அடுத்து வேளாண்மைப் பக்கம் திரும்பினார். 1982 ஜனநாயகக் கட்சிக்கு நல்ல ஆண்டு. மார்க் வைட் ஆளுநராகவும், ஆன் ரிச்சர்ட்ஸ் மாநிலக் கருவூலராகவும், ஜிம் ஹைட்டவர் வேளாண் ஆணையராகவும் ஒன்றாக வென்றார்கள்.

1983 ஜனவரியில் நாற்காலியில் உட்கார்ந்த ஹைட்டவருக்கு முதலில் கிடைத்தது மோசமான காலம். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி 1970-களில் கடன் வாங்கிய அமெரிக்க விவசாயிகள், வட்டி எகிறி, விளைபொருள் விலை சரிந்து, ஜப்தி நோட்டீஸோடு நின்ற ஆண்டுகள் அவை. விலையை உயர்த்தும் அதிகாரம் மாநில ஆணையருக்குக் கிடையாது. எனவே, சந்தையை விவசாயிக்குப் பக்கத்தில் கொண்டுவர முயன்றார். ஊர் ஊராக உழவர் சந்தைகள் தொடங்க உதவினார். டெக்சாஸ் விளைபொருளை அந்த அடையாளத்தோடு கடைகளில் விற்கும் திட்டம் வந்தது. 1988-ல் இயற்கை விவசாயத்துக்கு மாநிலமே சான்று தரத் தொடங்கியது. மத்திய அரசின் சான்று முறை நடைமுறைக்கு வர அதன்பின் இன்னும் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன.

இவற்றுக்கெல்லாம் யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டை வந்தது பூச்சிமருந்தில்.

ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் பருத்தி, காய்கறி வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். விமானம் தாழப் பறந்து மருந்து தெளித்துவிட்டுப் போகிறது. அதே வயலில் களை எடுக்கவும் காய் பறிக்கவும் மெக்சிகோ வம்சாவளிக் கூலிக் குடும்பங்கள் இறங்க வேண்டும். இலையில் ஈரம் காய்ந்ததா, எத்தனை மணி நேரம் ஆயிற்று, என்ன மருந்து என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. மருந்து உரிமம் தரும் அதிகாரம் ஹைட்டவர் வருவதற்கு முன்பே அந்த அலுவலகத்தில் இருந்தது. பழைய ஆணையர்கள் அதை முத்திரை குத்தும் வேலையாக மட்டும் பார்த்தார்கள். இவர் அதை விதியாக மாற்றினார்: தெளித்தபின் குறிப்பிட்ட நேரம் கழித்தே ஆள் இறங்க வேண்டும், கேட்கும் அக்கம்பக்கத்தாருக்குத் தெளிக்கப் போவதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 1987-ல், வயலில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையை விவசாயக் கூலிகளுக்குத் தரும் சட்டமும் டெக்சாஸில் நிறைவேறியது. மத்திய அரசு தன் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி எழுதியது 1992-ல்தான்.

கூலிக்காரரிடம் அரசியல் பலம் இல்லை. மருந்து தெளிப்பவரிடமும் நில உரிமையாளரிடமும் இருந்தது. டெக்சாஸ் ஃபார்ம் பீரோ என்பது பெயருக்கு விவசாயிகள் சங்கம். காப்பீட்டுத் தொழிலும் செய்யும் செல்வாக்கான அமைப்பு. அதுவும் ரசாயன நிறுவனங்களும் ஹைட்டவரைப் பகையாளியாகவே பார்த்தன.

மாட்டுக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்ட மாட்டிறைச்சியை ஐரோப்பியச் சமூகம் 1989 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அது வெறும் வர்த்தகத் தந்திரம் என்று வாஷிங்டன் வாதாடிக்கொண்டிருந்தபோது, ஹார்மோன் இல்லாத இறைச்சிக்கு டெக்சாஸ் சான்று தரும், வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மாநில ஆணையர் ஐரோப்பாவோடு நேரடியாகப் பேசினால் எப்படி இருக்கும்? மத்திய அரசுக்கு எரிச்சல், பெரிய பண்ணைக்காரர்களுக்கு ஆத்திரம், சில சிறு பண்ணைகளுக்கு மட்டும் புதிய சந்தை.

அவருடைய நாக்கும் அவருக்கு எதிரிகளைச் சேர்த்தது. 1988-ல் அட்லான்டாவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷைப் பேஸ்பால் ஆட்டக்காரராக்கி, மூன்றாவது தளத்திலேயே பிறந்துவிட்டுத் தானே அடித்து அங்கே வந்ததாக நினைத்துக்கொள்பவர் என்று கிண்டலடித்தார். அரங்கம் அதிர்ந்தது. டெக்சாஸைத் தன் ஊர் என்று சொல்லிக்கொண்ட அந்த புஷ் சில மாதங்களில் குடியரசுத் தலைவரானார். அதே ஆண்டில், ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முயன்ற கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனையும் ஹைட்டவர் வெளிப்படையாக ஆதரித்திருந்தார். நாடெங்கும் மேடை கிடைத்தது. சொந்த மாநிலத்தின் பருத்தி மாவட்டங்களில் ஆள் திரட்டுவதும் பணம் திரட்டுவதும் பின்தங்கின. எதிரிகளின் சூழ்ச்சியைப் பற்றிப் பேசும் அவருடைய ஆதரவாளர்கள் இந்த அலட்சியத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1989-ல் சட்டமன்றத்தில் துறையின் ஆயுளை நீட்டிப்பது பற்றிய மறுஆய்வு வந்தது. ஃபார்ம் பீரோவும் அதன் நண்பர்களும் ஒரு யோசனை வைத்தார்கள்: இனி ஆணையரை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், நியமித்துவிடலாம். எண்பது ஆண்டாக யாருக்கும் உறுத்தாத தேர்தல் திடீரென்று உறுத்தியது. அந்த யோசனை நிறைவேறவில்லை. மாறாக, பூச்சிமருந்து விஷயத்தில் ஆணையரின் தனி அதிகாரத்தைக் குறைக்கும் ஒரு வாரியம் வந்தது.

அடுத்த வழி தேர்தல். மேற்கு டெக்சாஸின் பெயின்ட் கிரீக் என்ற குக்கிராமத்தில், மானாவாரிப் பருத்திக் குடும்பத்தில் வளர்ந்த ரிக் பெரி அப்போது சட்டமன்ற உறுப்பினர். வேளாண் கல்லூரியாகத் தொடங்கிய டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் படித்து, விமானப் படையில் சரக்கு விமானம் ஓட்டியவர். 1984-ல் ஜனநாயகக் கட்சியில்தான் வென்றார். 1988-ல் அதே கட்சியின் அல் கோரை ஆதரித்தார். 1989 செப்டம்பரில் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். அவருடைய பிரசாரத்தை வடிவமைத்தவர் கார்ல் ரோவ். பின்னாளில் இன்னொரு ஜார்ஜ் புஷ்ஷை வெள்ளை மாளிகைக்கு அனுப்பியவர். தொலைக்காட்சி விளம்பரங்களில் ஹைட்டவரும் ஜெஸ்ஸி ஜாக்சனும் சேர்ந்து நின்றார்கள். கிராமத்து வெள்ளை வாக்காளருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

1990 நவம்பரில் பெரிக்கு ஏறக்குறைய 49 சதவீதம், ஹைட்டவருக்கு 48. அதே இரவில் ஜனநாயகக் கட்சியின் ஆன் ரிச்சர்ட்ஸ் ஆளுநராக வென்றார். நான்கு ஆண்டு முன்பு நடந்தது நேர்மாறு: 1986-ல் ஆளுநர் மார்க் வைட் தோற்க, ஹைட்டவர் ஜெயித்திருந்தார். ஆக, இது கட்சி வாங்கிய அடி மட்டும் அல்ல, அவருக்கென்றே விழுந்த அடி.

பெரிய காயம் பிறகு வந்தது. மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. தேர்தலுக்கு முன்பே அலுவலகத்தைத் துருவிக்கொண்டிருந்தது. துறை ஒழுங்குபடுத்த வேண்டிய வியாபாரிகளிடமே ஹைட்டவரின் தேர்தல் நிதிக்குப் பணம் கேட்டார்கள் என்று அவருடைய உதவியாளர்கள்மீது வழக்குப் பதிவாகி, 1993-ல் தண்டனையும் கிடைத்தது. ஹைட்டவர்மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. விசாரணையே அரசியல் பழிவாங்கல் என்றது அவர் தரப்பு. ஆனால் நடுவர் குழு தீர்ப்புச் சொன்ன பிறகு, பெருநிறுவனப் பணத்தை எதிர்த்துப் பேசியே வளர்ந்தவருக்கு அந்த விளக்கம் எடுபடுவது கடினம்.

அவர் அதன்பின் தேர்தலில் நிற்கவில்லை. வானொலிக்கும் எழுத்துக்கும் போனார். பெரிக்கோ அந்த நாற்காலி ஏணியாயிற்று: 1994-ல் பெரும் வித்தியாசத்தில் மறுவெற்றி, 1998-ல் துணை ஆளுநர், 2000 டிசம்பரில் அப்போதைய ஆளுநரான அந்த இன்னொரு புஷ் குடியரசுத் தலைவராகக் கிளம்ப, அவர் இடத்தில் ஆளுநர். 2015 ஜனவரி வரை, டெக்சாஸ் வரலாற்றில் வேறு யாரும் இருந்திராத அளவு நீண்ட காலம். அவருக்குப் பின் ஆணையரான சூசன் கோம்ப்ஸ் மாநிலக் கணக்காயராக உயர்ந்தார். அடுத்து வந்த டாட் ஸ்டேப்பிள்ஸ் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் சங்கத் தலைமைக்குப் போனார். 2015-ல் வந்த சிட் மில்லர் முதல் வேலையாகப் பத்திரிகையாளரைக் கூட்டி, பள்ளிக்குப் பிள்ளைகள் கப்கேக் கொண்டுவரலாம், தடையில்லை என்று அறிவித்தார். பள்ளிச் சாப்பாடும் அதற்குள் இந்தத் துறையின் கைக்கு வந்திருந்தது.

பெரி, கோம்ப்ஸ், ஸ்டேப்பிள்ஸ், மில்லர், நால்வரும் குடியரசுக் கட்சி. வேளாண் ஆணையரைத் தேர்தலில் நிறுத்தாமல் நியமிக்க வேண்டும் என்று 1989-ல் எழுந்த அந்த உரத்த கோரிக்கை, பெரி வென்ற பிறகு அதே வேகத்தில் கிளம்பவே இல்லை.