அரியலூர்ச் சீமையின் கல்லும் நிலமும்

அரியலூர் என்ற மாத்திரத்தில் இக்காலத்தவர்க்குச் சிமெண்டு ஆலைகளின் நினைவே எழுகின்றது. நம் முன்னோர்க்கோ அது மழவராயர் பாளையம். கம்பும் சோளமும் விளைந்த மானாவாரிச் சீமை. இம்மாறுதல் நிகழ்ந்த வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருத்தல் அவசியமெனக் கருதி இவ்வியாசத்தை வரையலுற்றோம்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில், பச்சைமலையிற் பிறந்து கொள்ளிடத்தில் வீழும் மருதையாறு ஓடுகின்றது. கொள்ளிடக்கரை நன்செய், ஏனையது வானத்தையும் ஏரியையும் நம்பிய பூமி. இம்மேடு பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்தது என்றால் நம்புவோர் சிலரே. ஆயினும் உழவுசாலில் அகப்படும் சுருள்வடிவக் கற்கள் அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் கூடுகளே. 1862-ஆம் ஆண்டில் பிளான்போர்டு என்னும் ஆங்கில நிலநூலார் இப்பாறைகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். அது முதல் அரியலூர், ஊட்டத்தூர் என்னும் நம்மூர்ப் பெயர்களே உலகத்து நிலநூலில் பாறை வகைகளுக்குப் பெயராய் வழங்குகின்றன. பெரம்பலூர் ஜில்லாச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாய்க் கிடக்கின்றது. கல்லமேட்டில் கிடைத்த பேருருவ விலங்கின் எலும்புகளை 1987-ல் அறிஞர் வெளியிட்டனர். அவ்வெலும்புகளோ பின்னர் சிதைந்தழிந்தன. காப்பாற்றத் தெரியாமல் இழந்த செல்வத்துள் அதுவும் ஒன்று.

இச்சீமையின் கல்லைப் பிறர் எடுத்துச் செல்லுதல் இன்று நேற்று வந்ததன்று. இராஜேந்திர சோழன் ஏறத்தாழ 1025-ல் அமைத்த கங்கைகொண்ட சோழபுரத்தின் திருமதிற் கருங்கற்களைப் பெயர்த்தே 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினர். அணையால் கீழ்க்காவேரிக் கழனிகள் செழித்தன, மதிலோ போயிற்று.

சோழர்க்குப் பிந்திய காலத்தில் அரியலூரில் மழவராயரும் உடையார்பாளையத்தில் உடையாரும் பாளையக்காரராய் ஆண்டனர். 1765-ஐ ஒட்டி நவாபு முகம்மதலியின் சேனை இவ்விரு பாளையங்களையும் கைப்பற்றிற்று. 1801-ல் கும்பினியார் ஆட்சி வந்தது. ஜமீன் முறையை ஒழிக்கும் சட்டம் 1948-ல் இயற்றப்பட்டது. 1995-ல் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. அரியலூரோ 2001-ல் பிரிந்து, 2002-ல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் தனி ஜில்லாவாயிற்று.

அந்தத் தேதி நம்மவர்க்கு மறவாத தேதி. 1956 நவம்பர் 23 விடியலில், பெருமழையால் பெருக்கெடுத்த மருதையாற்றுப் பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரியார் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அவர் பெருமையை யாவரும் சொல்வர். ஆற்றில் போனவர்களை நினைப்பார் குறைவு.

இனி ஆலைகள். பழங்கடலின் சிப்பிகளே சுண்ணாம்புக் கல்லாயின. அக்கல்லே சிமெண்டுக்கு முதற்பொருள். அண்டைக் கல்லக்குடியில் 1939-ல் ஆலை எழுந்தது. அரியலூரில் சர்க்கார் ஆலை 1979-ல் தொடங்கிற்று. பின்னர்த் தளவாய், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர் முதலிய ஊர்களில் தனியார் ஆலைகள் வந்தன. இவற்றால் நம் இளைஞர் பலர்க்குக் கூலியும் சம்பளமும் கிடைத்ததை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் சுரங்கத்திற்கு விற்ற நிலம் நிலமாய்த் திரும்புவதில்லை. கல்லெடுத்தபின் எஞ்சுவது ஆழ்ந்த பள்ளம். அதில் மழைநீர் நிற்கும், ஏர் செல்லாது. ஏக்கர் விலையைக் கேட்டு மகிழும் அன்பர்கள், கையொப்பமிடுமுன் பத்திரத்தைப் படித்தறிந்தவர் ஒருவரிடம் காட்டுதல் நலம். பெண்மக்களின் பங்கையும் அப்போதே தீர்த்தல் வேண்டும்; அதை மறந்ததால் உடன்பிறந்தார் கோர்ட்டில் நிற்கின்றனர்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கற்கம்பமாகவே எழுந்தருளியுள்ளார். இராமநவமித் திருவிழாவில் குடியானவர் தம் விளைச்சலில் ஒரு பங்கைக் கொணர்ந்து காணிக்கையாய்ச் செலுத்துவது தொன்றுதொட்ட வழக்கம். நிலம் விற்ற குடும்பத்தார் சிலர் கடைத்தெருவில் தானியம் வாங்கி வந்து அங்கே அளப்பதை நாமே கண்டதுண்டு.