மூடில் பிறந்த கதை

மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்புறத்தில், பாலைவனத்துக்கு நடுவே இருக்கிறது வார்பர்ட்டன் என்ற பழங்குடிக் குடியிருப்பு. மாநிலத் தலைநகரான பெர்த்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். இணையத்தில் பாடம் நடத்த உதவும் மூடில் மென்பொருளை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ் 1970-களில் சிறுவனாக அங்கே வளர்ந்தார். படித்தது வானொலிப் பள்ளியில். ஆசிரியரின் குரல் சிற்றலை வானொலியில் வரும். பாடத்தாள்கள் விமானத்தில் வரும்.

வானொலிப் பள்ளி என்ற ஏற்பாட்டுக்கே ஒரு முன்கதை உண்டு. 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில், பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலி நிலையத்தில் அது தொடங்கியது. முதலில் ஆசிரியர் பேசுவார், தொலைதூரப் பண்ணைகளில் பிள்ளைகள் கேட்பார்கள், அவ்வளவுதான். பிறகு பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்கவும் நேரம் ஒதுக்கினார்கள். தொலைநிலைக் கல்வியின் வரலாற்றில் ஆகப்பெரிய திருப்பம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

1990-களின் பிற்பகுதியில் டூகியாமாஸ் பெர்த்தின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி என்ற கற்றல் மேலாண்மை மென்பொருளைப் பராமரித்துக்கொண்டிருந்தார். கனடாவில் உருவான வணிக மென்பொருள் அது. ஆசிரியர்கள் வந்து சொல்லும் குறைகள் அவருக்குப் புரிந்தன. ஆனால் உள்ளே கைவைத்துத் திருத்த வழியில்லை. சிறிய பள்ளிகளும் நிறுவனங்களும் இணையத்தில் பாடம் நடத்த ஆசைப்பட்டும், எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்பதையும் பார்த்தார். இலவசமாக, திறந்ததாக ஒன்றைத் தானே எழுதுவதென்று 1999-ல் இறங்கினார்.

நிரல் எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். பேராசிரியர் பீட்டர் டெய்லருடன் சேர்ந்து தாங்கள் நடத்திய இணைய வகுப்பையே ஆய்வுக்களமாக்கினார். மாணவர்கள் எப்போது பேசுகிறார்கள், எப்போது மௌனமாகிவிடுகிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ப மென்பொருளை மாற்றிக்கொண்டே போனார். பிறர் பார்ப்பதற்காக ஒன்றை உருவாக்கும்போதும் அதைப் பற்றிப் பேசும்போதும்தான் மனிதர் ஆழமாகக் கற்கிறார் என்பது அவர் பற்றிக்கொண்ட கொள்கை. முதல் மாதிரிகள் சிலவற்றை எழுதி, வேண்டாமென்று ஒதுக்கினார். 2002 ஆகஸ்ட் 20-ல் மூடில் 1.0 வெளிவந்தது.

அந்தக் கொள்கை மென்பொருளுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சின்ன விஷயங்களில்தான் பார்க்க முடியும். கலந்துரையாடல் பகுதியில் ஒரு மாணவி எழுதியது உடனே எல்லோருக்கும் மின்னஞ்சலில் போய்விடாது. வழக்கமான அமைப்பில் அரை மணி நேரம் காத்திருக்கும். அதற்குள் அவள் தன் சொற்களைத் திருத்திக்கொள்ளலாம். கூச்சப்படுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடாகவே எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, ஒரு பாடம் முழுவதையும் ஒரே கலந்துரையாடலாகவே நடத்தும் வடிவமும் தொடக்கக் காலத்திலிருந்தே இருக்கிறது.

நம் கல்லூரிகள் பலவற்றில் மூடிலை நிறுவியதும் நடப்பது வேறு. பிடிஎஃப் கோப்புகளை வரிசையாக ஏற்றுகிறார்கள், தேதி போட்டு அசைன்மென்ட் வாங்குகிறார்கள், கலந்துரையாடல் பக்கம் காலியாகக் கிடக்கிறது. திட்டமிடும் கூட்டங்களில் சர்வருக்கும் பாஸ்வேர்டுக்கும் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது, மாணவர் எங்கே வாய் திறப்பார் என்ற கேள்விக்குக் கொடுக்க வேண்டும். கேட்க மட்டுமே முடிந்த பழைய வானொலிக்கு இணையத்தின் செலவில் திரும்பிப் போவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

மூடில் பரவியதற்கு அதன் உரிமமும் காரணம். கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரும் எடுத்து, மாற்றி, தங்கள் மொழியில் நிறுவலாம். மொழிபெயர்ப்புகளைத் தன்னார்வலர்கள் செய்தார்கள். தமிழுக்கும் மொழிப்பொதி உண்டு. சிறிய வகுப்புகளை எண்ணிப் பிறந்த மூடிலை 2005-ல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது. அவ்வளவு பெரிய மாணவர் கூட்டத்துக்குப் பழைய தேர்வுப் பகுதி போதவில்லை. அங்கிருந்த நிரலாளர்கள் அதன் வினாப் பொறியைப் புதிதாக எழுதி, பொதுவுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். 2011-ல் வந்த 2.1 பதிப்பில் அது எல்லோருக்கும் கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் மூடிலில் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கு அந்த உழைப்பு இன்றும் கைகொடுக்கிறது.