சுகோமாஜ்ரியின் மண் அணைகள்

அரியானாவில் சிவாலிக் மலையடிவாரத்தில் இருக்கிறது சுகோமாஜ்ரி. ஆடுமாடு மேய்த்துப் பிழைத்த குஜ்ஜர் குடிகளின் சிற்றூர். வயல்கள் வானம் பார்த்தவை. மழை தவறினால் கோதுமை கருகிவிடும். புல்லும் மரமும் இழந்த மலையிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து ஓடையில் இறங்கியது.

அந்த மண் போய்ச் சேர்ந்த இடம் சண்டிகரின் சுக்னா ஏரி. 1958-ல் உருவான அந்த ஏரி, 1970-களின் நடுவில் பாதிக்குமேல் தூர்ந்திருந்தது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று ஓடை வழியே மேலேறி வந்தவர், மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் மையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா. இவ்வரலாற்றில் முதலில் வணங்க வேண்டிய பெயர் அவருடையது.

1976-ல் முதல் மண் அணை எழுந்தது. அரிப்பைத் தடுப்பதே அன்றைய நோக்கம். மறு ஆண்டு மழை ஏமாற்றியது. பயிர் வாடி நின்ற வேளையில், கரைக்குள் தேங்கியிருந்த நீரை வயலுக்குத் திருப்பினார்கள், கதிர் பிழைத்தது. மலையைக் காப்பதும் வயலைக் காப்பதும் ஒரே வேலை என்று ஊர் உணர்ந்தது அப்போதுதான்.

ஆனால் நீர் எல்லா வயலுக்கும் எட்டவில்லை. எட்டாதவர்கள் ஆடுகளை மீண்டும் மலைக்கே ஓட்டினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பல நாள் பேசி ஊர் கண்ட தீர்வு எளிது, ஆனால் அதுவரை வேறெங்கும் அரிதாகவே காணப்பட்டது: வீட்டுக்கு ஒரு சமபங்கு நீர். நிலமில்லாத வீட்டுக்கும் அதே பங்கு. வேண்டாதவர் அதைப் பிறருக்கு விற்கலாம். பதிலுக்கு எவரும் மலையில் ஆடு விடக்கூடாது. முள்வேலியும் காவலாளும் இல்லாமல் ஊரே காவல் நின்ற இந்த முறைக்குச் ‘சமூக வேலி’ என்ற பெயர் நிலைத்தது. நீர்ப் பங்கீட்டுக்காகக் கூடிய சங்கமே பின்னர் மலைவள மேலாண்மைச் சங்கமாக வளர்ந்தது.

1980-களின் நடுவுக்குள் நான்கு அணைகள் ஆயின. குழாய் வழியே நீர் வயலுக்கு இறங்கியது. ஆடுகள் குறைந்து எருமைகள் பெருகின. பால் விற்பனை வளர்ந்தது. மொட்டை மலையில் கருங்காலி தழைத்தது. கயிறு திரிக்கவும் காகித ஆலைக்கும் உதவும் பாபர் புல்லை அறுக்கும் உரிமை முன்பு ஒப்பந்தக்காரர் கையில் இருந்தது. வனத்துறையிடமிருந்து சங்கமே அதைக் குத்தகைக்குப் பெற்றது. சுக்னாவுக்குப் போகும் வண்டலும் பெருமளவு குறைந்தது. மீட்ட காட்டின் வருவாய்க்கு வருமான வரி விதிக்கப்பட்ட முதல் இந்தியக் கிராமம் என்று சுகோமாஜ்ரி பேர் பெற்றது.

பக்கத்திலுள்ள புங்கா, நாடா போன்ற ஊர்களும் அதே வழியில் கரை கட்டின. மக்களைக் காட்டின் பங்காளிகளாக ஏற்ற மத்திய அரசின் சுற்றறிக்கை 1990 ஜூன் 1-ல் வெளிவந்தபோது, மேற்கு வங்கத்தின் அராபாரியோடு சுகோமாஜ்ரியும் அதற்கு முன்னோடியாகச் சொல்லப்பட்டது.